ஒன்றரை டாலர் சுங்கம்

1966 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வாதத்துக்கு வந்தது. விவகாரம் ஒன்றரை டாலர். வர்ஜீனியா மாநிலத்தில் ஒருவர் வாக்களிக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி கட்டியிருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளுக்கான வரி பாக்கியில்லாமல் தீர்ந்திருக்க வேண்டும். அதுவும் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே. நார்ஃபோக் நகரில் தையல் வேலை பார்த்த எவலின் பட்ஸ், ஃபேர்ஃபாக்ஸ் வட்டாரத்து ஆனி ஹார்ப்பர் ஆகிய கறுப்பினப் பெண்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரலே எழுந்து வாதாடினார். அவர் பெயர் தர்குட் மார்ஷல்.

மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் வரியைச் செல்லாது என்றார்கள். நிறத்தைப் போலவே பணமும் ஒருவருடைய வாக்குரிமைக்கு அளவுகோல் ஆக முடியாது என்பது தீர்ப்பின் சாரம். மத்தியத் தேர்தல்களில் 1964லேயே அரசியலமைப்புத் திருத்தம் தலைவரியை ஒழித்திருந்தது. இப்போது மாநிலத் தேர்தல்களிலும் ஒழிந்தது. வாக்குச்சாவடி வாசலில் வசூலித்த சுங்கம் அத்தோடு முடிந்தது.

ஆனால், வாக்குச்சாவடிக்கு வெகுதூரம் முன்னால், வாக்குச்சீட்டில் யார் பெயர் இடம்பெறலாம் என்று முடிவாகும் இடத்தில், இன்னொரு சுங்கம் இருந்தது. தேர்தல் நன்கொடை என்று அதற்குப் பெயர். அதை எந்தத் தீர்ப்பும் ஒழிக்கவில்லை.

அமெரிக்கக் குடியரசு பிறப்பதற்கு முன்பே தேர்தலில் பணம் புகுந்துவிட்டது. 1758ல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட இளம் ராணுவ அதிகாரி ஜார்ஜ் வாஷிங்டன், வாக்காளர்களுக்கு ஊற்றிக் கொடுத்த ரம், பஞ்ச், ஒயின், பீர் எல்லாம் சேர்த்துச் சுமார் 160 காலன். அவர் தொகுதிப் பக்கமே வரவில்லை; நண்பர்கள் உபசரித்தார்கள்; ஜெயித்துவிட்டார். அன்றைக்குச் செலவழித்தவரும் நிலக்காரர், குடித்தவர்களும் பெரும்பாலும் நிலமுள்ள வெள்ளை ஆண்கள். அடிமைகள் அந்தக் கணக்கில் சொத்தாக மட்டுமே இருந்தார்கள்.

19ஆம் நூற்றாண்டில் கட்சிகள் வேறு வழி கண்டன. அரசு வேலை வாங்கித் தருவது, வேலை கிடைத்தவரின் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குப் பிடித்துக்கொள்வது. வேலை கிடைக்காத ஒருவன் 1881ல் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். அந்த அதிர்ச்சியில் 1883ல் வந்த பெண்டில்டன் சட்டம் மத்திய அரசு ஊழியர்களிடம் வசூலிப்பதைக் கட்டுப்படுத்தியது. சம்பளக்காரர் பணம் குறையக் குறைய, கட்சிகள் கம்பெனிக்காரர்களிடம் திரும்பின.

திரும்பிய வேகத்தை 1896 ஜனாதிபதி தேர்தலில் நாடே பார்த்தது. குடியரசுக் கட்சியின் மெக்கின்லிக்காக மார்க் ஹானா என்ற தொழிலதிபர் நிதி திரட்டினார். வங்கிகள் தங்கள் மூலதனத்தில் கால் சதவீதம் தர வேண்டும் என்று வரி போடுவதைப் போலவே விகிதம் நிர்ணயித்தார். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் மட்டும் 2,50,000 டாலர் கொடுத்தது. மொத்தம் சுமார் 35 லட்சம் டாலர் சேர்ந்தது. விவசாயிகளின் வேட்பாளராக நின்ற பிரையனிடம் இருந்தது அதில் ஒரு சிறு பங்கு. பிரையன் தோற்றார்.

இந்தக் கம்பெனிப் பணத்தைத் தடுக்க வந்த முதல் மத்தியச் சட்டம் 1907ல் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்தவர் பெயரால் அது டில்மன் சட்டம் எனப்படுகிறது. அமெரிக்காவில் தேர்தல் நிதிச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் எல்லோரும் மரியாதையோடு குறிப்பிடும் சட்டம் இது. அந்த பெஞ்சமின் டில்மன் யார் என்று ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். தென் கரோலினா செனட்டர். 1876ல் ஹாம்பர்க் ஊரில் கறுப்பினத்தவரைக் கொன்ற கும்பலில் தானும் இருந்ததைக் கடைசிவரை பெருமையாகப் பேசியவர். தன் மாநிலத்தில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்த 1895 அரசியலமைப்பை முன்னின்று எழுதியவர். பணக்காரர் கையில் தேர்தல் போய்விடக் கூடாது என்றும், கறுப்பினத்தவர் கையில் வாக்கு இருக்கக் கூடாது என்றும் அதே மனிதர் முழங்கினார். ஆக, தேர்தலைப் பணத்திடமிருந்து காப்பாற்றும் முதல் முயற்சி, நாட்டில் மிக ஏழைகளாக இருந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் தொடங்கியது. அந்தக் கோணல் இன்றும் முழுதாக நிமிரவில்லை.

தென் மாநிலங்களில் தலைவரி தனியாக வேலை செய்யவில்லை. அலபாமாவில் கட்டாத வரி ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போய் 36 டாலர் வரை நிற்கும். குத்தகை விவசாயி எங்கே போவார்? டெக்சஸில் அரசியல் பெரும்புள்ளிகள் வாக்காளர்களுக்காக மொத்தமாக வரி கட்டி ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஏழையின் வாக்கு, வரி கட்டியவரின் சட்டைப்பையில் கிடந்தது. இதற்கும் மேல், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற விதி. தெற்கில் அந்தக் கட்சி நிறுத்துகிறவர்தான் ஜெயிப்பார். எனவே உண்மையான தேர்தல் பிரைமரிதான். நவம்பரில் நடப்பது சடங்கு.

ஹூஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் லோனி ஸ்மித் இதை எதிர்த்தார். டெக்சஸ் கறுப்பின மக்கள் திரட்டிய நிதி வழக்குக்குத் துணை நின்றது. வாதாடியவர் அன்று முப்பத்தைந்து வயதைத் தாண்டியிராத தர்குட் மார்ஷல். 1944 ஏப்ரலில் வெள்ளையர் பிரைமரி வீழ்ந்தது. டில்மனின் தென் கரோலினாவோ, பிரைமரி என்பது தனியார் சங்க விவகாரம் என்று சாதித்தது. அங்கே கொலம்பியா நகரில் சிறு கடை நடத்திய ஜார்ஜ் எல்மோர் வழக்காடினார், மார்ஷல் அங்கேயும் போனார், 1947ல் ஜெயித்தார்கள். எல்மோருக்குக் கிடைத்த பரிசு வேறு. சரக்கு அனுப்பியவர்கள் நிறுத்தினார்கள், வங்கிக் கடனை உடனே கட்டச் சொன்னார்கள், கடை போயிற்று. அவர் வறுமையில் இறந்தார்.

கொடுத்தவர் பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்பு போகும் என்பது தெற்கில் எல்லோரும் அறிந்த பாடம். அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் நிறப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த பேருந்துப் புறக்கணிப்பின்போது ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் கோழிப் பொரியலும் ‘பை’ என்ற பலகாரமும் விற்று நிதி திரட்டிய குழுவுக்கு ‘எங்கிருந்தும் இல்லாத சங்கம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று சொல்லிவிடலாம். கறுப்பினத்தவர் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டு அலபாமா அரசு நெருக்கியது, அமைப்பு மறுத்தது, ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. 1958ல் உச்ச நீதிமன்றம் அமைப்பின் பக்கம் நின்றது. ஏழைகளைக் காக்க எழுந்த அந்தச் சுவருக்குப் பின்னால் பிற்பாடு பெரும் செல்வர்களும் வந்து நின்றார்கள். 2021ல் பெரும் தொழிலதிபர்களான கோக் சகோதரர்களின் வட்டத்தைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளை, தன் பெரிய நன்கொடையாளர்களின் பெயர்களைக் கலிஃபோர்னியா அரசிடம் தர மறுத்து வென்றபோது, ஆதாரமாகக் காட்டியது இதே 1958 தீர்ப்பைத்தான். கடையை இழந்த எல்மோரின் அச்சமும் கோடீஸ்வரரின் கூச்சமும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. இரண்டும் ஒன்றல்ல.

வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1974ல் அமெரிக்க நாடாளுமன்றம் முதன்முறையாக உருப்படியான வரம்புகளைப் போட்டது. ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 1,000 டாலருக்கு மேல் தரக்கூடாது. வேட்பாளர் செய்யும் செலவுக்கும் உச்சவரம்பு. அவர் தன் சொந்தப் பணத்தை இறைப்பதற்கும் உச்சவரம்பு. 1976 ஜனவரியில் பக்லி எதிர் வலேயோ வழக்கில் உச்ச நீதிமன்றம் நன்கொடை வரம்பை வைத்துக்கொண்டு செலவு வரம்புகளைத் தள்ளுபடி செய்தது. தேர்தலில் பணம் செலவழிப்பது பேச்சுரிமையின் பகுதி என்றது.

அப்போது மார்ஷல் அதே நீதிமன்றத்தில் நீதிபதி. அங்கிருந்த ஒரே கறுப்பினத்தவர். பெரும்பாலான பகுதிகளில் மற்றவர்களோடு உடன்பட்டவர், ஓரிடத்தில் மட்டும் தனி மறுப்புரை எழுதினார். வேட்பாளர் சொந்தச் செல்வத்தைச் செலவிடுவதற்கான வரம்பு நிற்க வேண்டும் என்றார். கைநிறையப் பணத்தோடு பந்தயத்தைத் தொடங்குகிறவர் முன்னாலேயே ஓடத் தொடங்கிவிடுகிறார். அரசியல் களம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், திறந்திருப்பதாகத் தெரியவும் வேண்டும் என்பது அவர் வாதம். பல்மருத்துவர் ஸ்மித்தையும் கடைக்காரர் எல்மோரையும் அருகிலிருந்து பார்த்தவருக்கு அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது. பெரும்பான்மை நீதிபதிகளுக்குத் தெரியவில்லை.

ஜனாதிபதி தேர்தலுக்கு அரசு இணைநிதி தரும் ஏற்பாடும் அந்தத் தீர்ப்பில் தப்பியது. குறைந்தது 20 மாநிலங்களில், ஒவ்வொன்றிலும் 5,000 டாலர் திரட்டினால், ஒருவர் தரும் நன்கொடையில் முதல் 250 டாலருக்கு அரசு அதே அளவு பணம் தரும். 1984ல் கறுப்பினத் தலைவர் ஜெசி ஜாக்சன் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி பிரைமரியில் நின்றபோது கறுப்பினத் தேவாலயங்களில் தட்டும் வாளியும் ஏந்தி வசூல் நடந்தது. ஆனால் விதி என்ன சொன்னது? கொடுத்தவர் பெயர் உள்ள காசோலை, மணியார்டர் போன்ற எழுத்துவழித் தொகைக்குத்தான் இணைநிதி. ரொக்கத்துக்குக் கிடையாது. வங்கிக் கணக்கே இல்லாத மூதாட்டி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துப் போட்ட ஐந்து டாலர் ஐந்து டாலராகவே நின்றது. காசோலை எழுதியவரின் 250 டாலர் 500 ஆயிற்று. எந்த இனத்தின் பெயரும் அந்த விதியில் இல்லை. அப்படியும் ஜாக்சன் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார்.

நன்கொடை சம்பளத்திலிருந்து வருவதைவிடச் சேமிப்பிலிருந்துதான் அதிகம் வருகிறது. மாதச் செலவு போக மிச்சம் இருக்கிறவர் கொடுக்கிறார். அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் மிச்சம் பெரும்பாலும் சொந்த வீட்டில் இருக்கிறது. 1930களில் அரசு நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் தீட்டி, கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்தது. வீட்டுக்கடன் கிடைக்காதவருடைய பேரப்பிள்ளைக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ வீடு இல்லை. மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இடைநிலை வெள்ளையர் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். ஒருவர் போட்டியிட விரும்புவதாகச் சொன்னதும் கட்சிக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, உன் கைபேசியில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டால் எவ்வளவு திரட்டுவாய் என்பது. அந்தக் கேள்வியில் மேற்சொன்ன இரண்டு எண்களும் அடங்கியிருக்கின்றன.

1990களின் தொடக்கத்தில் ஜேமி ராஸ்கின், ஜான் போனிஃபாஸ் என்ற இரண்டு சட்ட அறிஞர்கள் இதற்கு ‘செல்வர் பிரைமரி’ என்று பெயர் சூட்டினார்கள். வெள்ளையர் பிரைமரியைப் போலவே இதுவும் வாக்குப்பதிவுக்கு முன்பே முடிந்துவிடும் தேர்தல் என்றார்கள். நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. 2003ல் வெளியான ஓர் ஆய்வு, 200 டாலருக்கு மேற்பட்ட தனிநபர் நன்கொடைகளில் ஏறக்குறைய 90 சதவீதம் வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளிலிருந்து வந்ததைக் காட்டியது. ஆய்வு செய்த அமைப்புகளில் ஒன்று ஃபேனி லூ ஹேமரின் பெயரைத் தாங்கியது. 1962ல் வாக்காளராகப் பதியப் போனதற்காக, பதினெட்டு ஆண்டு உழைத்த மிசிசிப்பிப் பண்ணையிலிருந்து துரத்தப்பட்டவர் அவர்.

கொடுக்க வசதியுள்ள சிறுபான்மையினருக்கும் மரியாதை எளிதில் கிடைத்துவிடவில்லை. 1996 தேர்தலுக்குப் பிறகு சில வெளிநாட்டு நன்கொடைகள் சர்ச்சையானபோது, ஜனநாயகக் கட்சி ஆசியப் பெயருள்ள நன்கொடையாளர்களைத் தேடிப்பிடித்து, நீங்கள் குடிமக்களா, வருமானம் எவ்வளவு என்று விசாரித்தது.

வரம்புகளைத் தளர்த்திய 2010ஆம் ஆண்டின் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்குப் பின் எல்லாம் பெருத்தது. 2016 ஜனாதிபதி போட்டிக்கு ஆரம்ப மாதங்களில் வந்த பணத்தில் ஏறக்குறைய பாதியை 158 குடும்பங்கள் கொடுத்ததாக ‘நியூயார்க் டைம்ஸ்’ கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்.

மாற்ற முடியாத விதி அல்ல இது. நியூயார்க் நகரம் 1989 தேர்தலிலிருந்து சிறு நன்கொடைக்கு இணைநிதி தருகிறது. அந்தத் தேர்தலில்தான் முதல் கறுப்பின மேயர் டேவிட் டின்கின்ஸ் வந்தார். இப்போது ஒரு டாலருக்கு எட்டு டாலர் வரை கிடைக்கிறது. 2009 மாநகராட்சித் தேர்தலில், நகரின் ஏறக்குறைய 90 சதவீதச் சிறு வட்டாரங்களில் யாராவது ஒருவராவது சிறுதொகை கொடுத்திருந்தார். இணைநிதி இல்லாத மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் அடுத்த ஆண்டு அது சுமார் 30 சதவீதம்தான். சியாட்டில் நகரம் 2017 முதல் ஒவ்வொரு வாக்காளருக்கும் 25 டாலர் மதிப்புள்ள நான்கு சீட்டுகளை அனுப்புகிறது. பிடித்த வேட்பாளருக்குக் கொடுக்கலாம். கையில் காசில்லாதவரும் நன்கொடையாளர் ஆகிறார்.

2019 நவம்பர் 24 அன்று பெரும் கோடீஸ்வரரான மைக்கேல் புளூம்பர்க் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் குதித்தார். மார்ச் தொடக்கத்தில் விலகுவதற்குள் சொந்தப் பணத்தில் 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். அவர் நுழைந்த ஒன்பதாம் நாள், சென்னையில் பிறந்து மேற்படிப்புக்கு அமெரிக்கா போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், தொடர்ந்து போட்டியிடப் பணம் இல்லை என்று சொல்லி அதே போட்டியிலிருந்து விலகினார். மார்ஷல் 1976ல் காக்க நினைத்த வரம்பு இருந்திருந்தால் அந்த இரண்டு செய்திகளும் அப்படி அடுத்தடுத்து வந்திருக்காது.

2021 ஜனவரி 20 அன்று துணை ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது ஹாரிஸ் இரண்டு பைபிள்களின் மீது கை வைத்திருந்தார். அவற்றில் ஒன்று தர்குட் மார்ஷலுடையது. வேட்பாளரின் சொந்தப் பணத்துக்கு வரம்பில்லை என்று சொன்ன, மார்ஷல் எதிர்த்து எழுதிய அந்தத் தீர்ப்புப் பகுதி இன்றுவரை அமெரிக்காவில் சட்டமாக நீடிக்கிறது.