எல்லிஸ் துரையும் ஒரு தெலுங்கு வேர்ச்சொல் பட்டியலும்

மொழியியல் அறிமுகப் புத்தகங்கள்ல 'மொழிக்குடும்பம்'ங்கற பாடம் பெரும்பாலும் 1786-ல தொடங்கும். கல்கத்தாவுல வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூணும் ஒரே மூலத்துல இருந்து வந்திருக்கணும்னு பேசின வருஷம் அது. சரிதான். ஆனா இதே பாடத்துக்குச் சென்னையிலயும் ஒரு அத்தியாயம் உண்டு. நான் இங்கே படிக்கிற புத்தகத்துல அதுக்கு ஒரு வரிகூட இல்லை. அதான் இந்தப் பதிவு.

தெலுங்கும் தமிழும் சமஸ்கிருதத்தோட பிள்ளைகள்னுதான் அப்போ ஐரோப்பிய அறிஞர்கள் பலர் நம்பினாங்க. தெலுங்குல வடசொல் ஏராளம், வேறென்ன சான்று வேணும்னு நினைப்பு. சென்னை கலெக்டரா இருந்த எல்லிஸ் 1816-ல இதை மறுத்தார். காம்பெல் எழுதின தெலுங்கு இலக்கண நூலோட முன்பகுதியில சேர்த்த ஒரு குறிப்புதான் அந்த மறுப்பு.

அவர் செஞ்சது எளிமையான வேலை. சமஸ்கிருத வேர்களையும் தெலுங்கு வேர்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சார். பொருந்தலை. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூணையும் வச்சார். பொருந்திச்சு! சொல்லைக் கடன் வாங்கலாம், வேரை அப்படி வாங்க முடியாதுங்கறதுதான் வாதம்.

நாமளே சோதிச்சுப் பார்க்கலாம். பால், பல், புலி, பத்து. கன்னடத்துல ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து. ஒண்ணு ரெண்டு ஒத்துப்போனா தற்செயல். வரிசையா 'ப' இருக்கற இடத்துல 'ஹ' வந்தா அது உறவு. பழைய கன்னடத்துல இதெல்லாம் 'ப'தான். அந்தப் பழைய கன்னடத்துக்குப் பேரே 'ஹளெகன்னட'. அந்த 'ஹளெ' வேற யாரும் இல்லை, நம்ம 'பழைய'தான் :-)

எனக்கு முக்கியமாப் படறது இதுதான். எல்லிஸுக்கு அந்தத் தெலுங்கு வேர்ப் பட்டியலைத் தொகுத்துக் குடுத்தவர் பட்டாபிராம சாஸ்திரி, 1812-ல தொடங்கின செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியோட ஆசிரியர். தத்சமம், தத்பவம், தேசியம்னு சொற்களைப் பிரிக்கற முறையும் நம்ம ஊர் இலக்கணக்காரங்களோடது. 'இது வடசொல்'னு தனியாப் பிரிச்சு வைக்கற வழக்கம் தொல்காப்பியத்துலயே இருக்கே! கடன்சொல் எது, சொந்தச் சொல் எதுங்கற அடிப்படைக் கேள்விக்கு இங்கே ஏற்கனவே கருவி இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டு எல்லிஸ் புதுக் கேள்வி கேட்டார்.

1819-ல ராமநாதபுரத்துல எல்லிஸ் இறந்துட்டார். அவரோட கையெழுத்துப் பிரதிகள்ல நிறைய அழிஞ்சுபோச்சு. 1856-ல கால்டுவெல்லோட ஒப்பிலக்கணம் வந்து, 'திராவிட' மொழிகள்ங்கற பேரும் நிலைச்சது. கால்டுவெல்லை நமக்கெல்லாம் தெரியும். எல்லிஸை ஒருசிலருக்குத் தெரியும். சாஸ்திரியை?