பக்கவாதத்திற்குப் பின் வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி

பக்கவாதத்தால் செயலிழந்த கை, கால்கள் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதால் மட்டும் மீள்வதில்லை. ஒரே அசைவை நாள்தோறும் பலமுறை செய்யும்போதே மூளை அதனை மீண்டும் கற்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டிற்கே வந்து இலவசமாகப் பயிற்சி அளிக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். அவர் வராத நாள்களிலும் பயிற்சி தொடர வேண்டும்.

போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று வந்தவர்களுக்குச் சமதள நடை மட்டும் போதாது. படியிலும் சரிவிலும் ஏறும்போது வலுவான காலையும், இறங்கும்போது வலுக்குறைந்த காலையும் முதலில் வைக்க வேண்டும். உடனிருப்பவர் வலுக்குறைந்த பக்கத்தில், ஒரு படி கீழே நிற்கவும். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு விலகக்கூடும்.

மீண்டும் வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, மலையிலிருந்து இறங்கவே நேரமாகும் என்பதால், காத்திராமல் 108-ஐ அழைக்கவும்.