பூம்புகாரில் ஒரு சுறாக்கொம்பைத் தேடி

பட்டினப்பாலையை யாராவது எடுத்தால் கரிகாலனையோ, துறைமுகத்தில் குவிந்த மிளகு மூட்டைகளையோதான் பேசுவார்கள். எனக்கு அதில் வேறொரு இடம் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் பரதவர் ஓய்வெடுக்கிறார்கள். சினையாக இருக்கும் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வைத்துக் கும்பிடுகிறார்கள். தாழம்பூ சூடுகிறார்கள், பனங்கள் குடிக்கிறார்கள். பிறகு கடலில் ஆடுகிறார்கள், அப்புறம் ஆற்றில் முழுகி உப்பைக் கழுவுகிறார்கள்.

சுறாவுக்கு ஏது கொம்பு? இந்தக் கேள்வியோடுதான் போன மே மாதம் பூம்புகார் போனேன்.

சீர்காழியிலிருந்து பஸ். இறங்கினால் சிலப்பதிகாரக் கலைக்கூடம், அதைத் தாண்டினால் கடல். சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் கீழையூரில் தொல்லியல் துறை 1960களில் தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறை இருக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் கட்டியது என்று கணித்திருக்கிறார்கள். படகு கட்டுவதற்கு நட்ட பனைமரக் கால்கள்கூடக் கிடைத்தன. அது இன்று கடலிலிருந்து உள்ளே தள்ளி நிற்கிறது. அந்தக் காலத்தில் ஆறு அவ்வளவு அகலமாக, படகு உள்ளே வரும் ஆழத்தோடு ஓடியிருக்க வேண்டும்.

இன்றைய காவிரி? முகத்துவாரத்தில் நான் பார்த்தது ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான். வெள்ளம் வந்தால் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாகப் போய்விடுகிறது. மிச்சம் கல்லணையில் பிரிந்து, வயல் வயலாகப் பாய்ந்து, கடைசியில் வால் மட்டும் இங்கே வந்து சேருகிறது. மேட்டூரை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. நான் போனது அதற்கு முன்னால் என்பதால் நன்னீர் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிடந்தது கடல் உள்ளே ஏறிய உப்புத் தண்ணீர்.

தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக்கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இலிருந்து கூட்டிவிட்டார்கள். அதனால் தெருவெல்லாம் ஆட்கள். மணலில் வலை பரப்பி ஓட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். வெண்மணலில் காயும் வலையை நிலவுக்கு நடுவே தங்கிய இருட்டோடு ஒப்பிடுகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். இப்போது எல்லாம் நீலமும் பச்சையுமான நைலான். உவமை ஒத்துவராது.

வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்தேன். முதல் அரை மணி நேரம் சுருக்குமடி வலைச் சண்டையைத்தான் சொன்னார். தமிழ்நாட்டில் 2000இலேயே தடை, 2023இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள் மட்டும் என்று விட்டது, இதனால் ஊருக்கு ஊர் பகை. அது தனிக்கட்டுரைக்கான விஷயம். பிறகு மெதுவாக, "ஐயா, கொம்பு வச்ச சுறா ஏதாவது உண்டா?" என்று கேட்டேன்.

"கொம்பா? மூஞ்சியில ரம்பம் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, அதைக் கேக்குறீங்களா தம்பி? அது வேளா. எங்க அப்பா காலத்துல மாட்டுனா வலையைக் கிழிச்சிப் போட்டுடும்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"சின்னப் பையனா இருக்கச்சே ரெண்டு தடவை. இப்ப இருக்குற பசங்களுக்குப் பேரே தெரியாது."

எனக்கு அந்த இடத்தில்தான் 'சினை' என்ற சொல் பிடிபட்டது. வேளா பார்க்கச் சுறா மாதிரி இருந்தாலும் உயிரியல்படி திருக்கை இனம். சில வகைகள் 20 அடிக்கு மேல் வளரும். முட்டை போடாது, குட்டி போடும். அதற்காகத் தாய்மீன் ஆழமில்லாத கரையோரத்துக்கும் ஆற்று முகத்துவாரத்துக்கும் வரும். குட்டிகள் கொஞ்ச காலம் அங்கேயே வளரும். அப்படியானால் புகார்க்காரர் கையில் சினை வேளா சிக்கியது தற்செயல் இல்லை. காவிரி கடலில் கலக்கும் இடத்துக்கு அது தானே தேடி வந்திருக்கும். புலவர் போட்ட அடைமொழி அலங்காரம் என்று நினைத்திருந்தேன். மீன் பிடிக்கிறவனிடம் கேட்டு எழுதியது போல இருக்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் சுறாவுக்குக் கொம்பு முளைக்க வைப்பதைவிட எனக்கு இது ஏற்புடையதாகப் படுகிறது.

2001இல் வேளாவைப் புலிக்குச் சமமாக, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். பிடித்தால் குற்றம். பிடிக்கத்தான் எதுவும் இல்லை. பல் வைத்த அந்த நீள மூக்கு எந்த வலையிலும் முதலில் சிக்கிக்கொள்ளும், சிக்கினால் எடுக்க முடியாது. குட்டி வளர்ந்த முகத்துவாரங்களும் சுருங்கிவிட்டன.

வீட்டில் அந்தக் கொம்பு யாராவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். "எங்க பாட்டி வீட்டுல கூரையில சொருகியிருந்துச்சு. சாமியெல்லாம் கும்பிட்ட மாதிரி ஞாபகம் இல்ல. சுனாமில வீடே போச்சு, கொம்பு எங்க?"

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இன்றும் கூட்டம் கூட்டமாக இந்தச் சங்கமத்தில் முழுகுகிறார்கள். பாட்டில் வரும் அந்த இரட்டைக் குளியலின் மிச்சமோ என்று தோன்றியது. கிளம்பும்போது பெரியவரின் பேரன் கடலில் ஆடிவிட்டு ஈரத்தோடு ஓடிவந்தான். உள்ளே போகவிடாமல் வாசலிலேயே நிறுத்தி, அவன் பாட்டி பிளாஸ்டிக் குடத்திலிருந்து தலையில் தண்ணீர் ஊற்றினார்.

"உப்பு போவணும்ல" என்றார் என்னைப் பார்த்து.

ஆறு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. குடத்துத் தண்ணீர் பஞ்சாயத்துக் குழாயில் பிடித்தது.