போல்ட் தலையில் ஓர் எழுத்து

துருப்பிடித்த பழைய போல்ட்டைக் காசு கொடுத்து வாங்க ஆள் உண்டா? உண்டு. அதன் தலையில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் போதும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இரண்டாம் உலகப்போர் ஜீப்புகளைப் புதுப்பிக்கிறவர்கள் பழைய சாமான் சந்தைகளில் குனிந்து தேடுவது இதைத்தான். ஃபோர்டு கம்பெனி, தான் கட்டிய ஜீப்பின் சின்னச் சின்ன பாகங்களில்கூட இந்த எழுத்தைப் பொறித்து அனுப்பியது. அறுபது எழுபது வருடம் கழித்து இப்படி ஒரு கூட்டம் அதைத் தேடி அலையும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் ஜீப்பை உருவாக்கியது ஃபோர்டு இல்லை. வில்லிஸும் இல்லை. பாண்டம் என்ற சின்ன கம்பெனி. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் குட்டிக் கார்கள் செய்து, விற்காமல் திண்டாடிக்கொண்டிருந்தது. 1940ல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது: நான்கு சக்கரமும் இழுக்கிற இலகுவான வண்டி வேண்டும், 49 நாளில் மாதிரி வேண்டும். விலை சொல்ல வந்தவை இரண்டே இரண்டு, பாண்டமும் வில்லிஸும். 49 நாளுக்குச் சரி என்றது பாண்டம் மட்டும். கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இன்ஜினியர் சில நாட்களிலேயே வரைபடத்தை முடித்தார். செப்டம்பர் 23ம் தேதி, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, வண்டி மேரிலாந்தில் இருந்த ராணுவ முகாமுக்குள் நுழைந்தது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. இவ்வளவு சின்ன கம்பெனியால் லட்சக்கணக்கில் செய்து தர முடியுமா என்று ராணுவத்துக்குச் சந்தேகம். பாண்டத்தின் வடிவமைப்பை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டிவிட்டார்கள். கடைசியில் வில்லிஸ் சுமார் 3,60,000 வண்டிகளும் ஃபோர்டு சுமார் 2,80,000 வண்டிகளும் கட்டின. பாண்டம் கட்டியது 2,700க்கும் குறைவு. அதன் பிறகு அதற்குக் கிடைத்த முக்கிய வேலை, ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் செய்வது! முதலில் சந்தைக்கு வருகிறவனுக்கே லாபம் என்று எழுதுகிற வணிகவியல் புத்தகங்கள் இந்தக் கதையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜீப்பை உருவாக்கியது தானே என்று வில்லிஸ் விளம்பரம் செய்ய, அமெரிக்க வர்த்தக ஆணையம் 1943ல் வழக்குப் போட்டது. ஆரம்ப யோசனை பாண்டத்துடையது என்று 1948ல் முடிவும் சொன்னது. ஆனால் 1950ல் 'ஜீப்' என்ற பெயருக்கு டிரேட்மார்க் வாங்கியது வில்லிஸ்தான்.

சரி, போல்ட்டுக்கு வருவோம். வில்லிஸ் வண்டிக்குப் பெயர் எம்.பி. (தேர்தலில் நிற்கிற எம்.பி. அல்ல). ஃபோர்டு வண்டிக்கு ஜி.பி.டபிள்யூ. கடைசி எழுத்து வில்லிஸைக் குறிக்கும், அதாவது வடிவமைப்பு அவர்களுடையது. ஒன்றின் பாகம் மற்றதில் அப்படியே பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை. தூரத்தில் இருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். குனிந்து சட்டத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ரேடியேட்டருக்குக் கீழே குறுக்காகப் போகிற இரும்பு வில்லிஸில் உருண்டைக் குழாய், ஃபோர்டில் சதுரமாக மடித்த தகடு. வில்லிஸ் சட்டத்தின் எண் ஒரு சின்னத் தகட்டில் ரிவெட் அடித்து இருக்கும். ஃபோர்டு எண் சட்டத்தின் மேலேயே குத்தப்பட்டிருக்கும், இன்ஜினிலும் அதே எண்.

சந்தையில் விலையைத் தீர்மானிப்பவை இந்த எண்களும் எழுத்துகளும்தான். சட்டமும் இன்ஜினும் ஒரே எண், போல்ட் எல்லாம் 'எஃப்' என்றால் அந்த வண்டிக்குத் தனி மவுசு. ஆனால் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். போர்முனையில் ஒரு ஜீப்பின் இன்ஜின் போய்விட்டால் மெக்கானிக் என்ன செய்வார்? பக்கத்தில் குண்டடி பட்டுக் கிடக்கிற வண்டியில் இருந்து கழற்றி மாட்டுவார். அது வில்லிஸா ஃபோர்டா என்று பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். பெரிய பட்டறைகளிலும் இதே கதைதான். போருக்குப் பிறகு பாரிஸ் பக்கத்தில் பிரெஞ்சு ராணுவம் நடத்திய மால்டூர்னே பட்டறையில் பழைய ஜீப்புகளைக் கழற்றிக் கலந்து மறுபடி பூட்டி அனுப்பினார்கள். ஆக, நிஜமாகவே போரில் உழைத்த ஜீப் பெரும்பாலும் கலப்படமாகத்தான் இருக்கும். எல்லா போல்ட்டிலும் 'எஃப்' உள்ள வண்டி தொழிற்சாலை வாசலில் நின்ற வண்டி, போருக்குப் போய் வந்த வண்டி அல்ல. புதுப்பிக்கிறவர் பத்து வருடம் செலவழித்து ஒட்டுப் போட்டதை எல்லாம் பிரித்துத் தூரப் போடும்போது, அந்த வண்டி பட்ட பாட்டின் சாட்சியும் கூடவே போய்விடுகிறது.

இதில் பணம் புகுந்ததும் பித்தலாட்டமும் புகுந்தது. எண் தகடு புதிதாகவே செய்து விற்கிறார்கள். 1955 முதல் 1966 வரை பிரான்சில் ஹாட்ச்கிஸ் கம்பெனி உரிமம் வாங்கி 27,000க்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டியது. பச்சை அடித்து வெள்ளை நட்சத்திரம் வரைந்துவிட்டால் அதுவும் நார்மண்டியில் இறங்கிய வண்டி மாதிரியே இருக்கும். விஷயம் தெரிந்தவர் பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பார்ப்பார். போர்க்கால ஜீப்புக்கு 6 வோல்ட், பிற்கால பிரெஞ்சு வண்டிகளுக்கு 24 வோல்ட். ஹாட்ச்கிஸை ஹாட்ச்கிஸ் என்றே சொல்லி ஓட்டுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

தகரம் முழுக்க அரித்துப் போன வண்டிகளுக்குப் புது பாடி பிலிப்பைன்ஸில் இருந்து வருகிறது. போர் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, பெஞ்சு போட்டு, 'ஜீப்னி' என்ற பயணிகள் வண்டியாக ஓட்டிய நாடு அது. தகரம் வளைக்கிற கை அங்கே இருந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பாடி புதுசு, டயர் புதுசு, வயரிங் புதுசு, சட்டம் மட்டும் 1943 என்றால் அது எந்த வருடத்து வண்டி? உரிமையாளரைக் கேட்டால் கொஞ்சமும் தயங்காமல் 1943 என்பார்.

பாண்டம் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வேறு மாதிரி. கட்டியதே கொஞ்சம், மிஞ்சியது அதிலும் கொஞ்சம், உதிரி பாகம் எங்கே தேடுவது? பாண்டம் கட்டியதில் ஏழாவது வண்டி அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்தாக இருக்கிறது. தாத்தா என்று செல்லப்பெயர். கெடு முடிய அரை மணி இருக்கும்போது முகாமுக்குள் நுழைந்த அந்த முதல் வண்டி மிஞ்சவில்லை.