வாக்குச்சீட்டும் சமதர்மமும்

சமதர்மம் தமிழகத்திற்கு முதலில் இலக்கியமாக வந்தது. தேர்தல் சின்னமாகப் பின்னரே வந்தது. சங்கரன்கோயிலுக்கு அணித்தேயுள்ள எட்டயபுரத்திற் பிறந்த பாரதியார் ருஷ்யப் புரட்சியை வாழ்த்திப் பாடினார். 1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். 1931இல் பொதுவுடைமைக் கட்சி அறிக்கை 'குடி அரசு' வாயிலாகத் தமிழ் பேசிற்று. மறு ஆண்டு சோவியத் நாட்டைக் கண்டு திரும்பிய பெரியார், சிங்காரவேலருடன் சேர்ந்து ஈரோட்டுத் திட்டத்தை வகுத்தார். ஆயினும் அந்நாளில் வாக்குரிமை சொத்தும் கல்வியும் உடையாரிற் சிலருக்கே உரியதாயிருந்தது. எவர் பொருட்டுச் சமதர்மம் பேசப்பட்டதோ, அவர்கள் வாக்குச்சாவடிக்குள் நுழைய 1952 வரை காத்திருக்க நேர்ந்தது.

அத்தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 மட்டுமே பெற்றது; கம்யூனிஸ்டுகள் 62 பெற்றனர். முதலமைச்சராக அமர்ந்த ராஜாஜி, கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என அறிவித்தார். அதே ராஜாஜி, வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையை ஆலைகளிடமிருந்து விலக்கிக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என மத்திய அரசுடன் வாதாடினார் என்பது நெசவாளர் நிறைந்த இவ்வட்டாரத்தார் மறக்கலாகாத செய்தி. நூல் கிடைக்காமலும் நெய்த துணி விற்காமலும் தறிகள் ஓய்ந்திருந்த காலம் அது. தி.மு.க. தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளிற் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். நெல்லைச் சீமையின் நெசவாளர் துயரை ரகுநாதன் 'பஞ்சும் பசியும்' நாவலாக்கி 1953இல் வெளியிட்டார். ஆலை முதலாளித்துவத்தைக் கண்டிப்பதில் வலதும் இடதும் ஒரே தறிமேட்டில் வந்து நின்ற விந்தையை அரசியல் நூல்கள் போதிய அளவு பேசவில்லை.

1955இல் ஆவடிக் காங்கிரஸ் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியதும் சமதர்மம் ஆளுங்கட்சியின் சொல்லாகிவிட்டது. எல்லாரும் உச்சரிக்கும் சொல்லுக்குக் கூர்மை குன்றுவது இயல்பு. அதனை வெளிப்படையாக எதிர்க்கத் துணிந்தவர் ராஜாஜி ஒருவரே எனலாம். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று சாடி, 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். 1962இல் சென்னைச் சட்டமன்றத்தில் அக்கட்சிக்குக் கிடைத்தவை 6 இடங்களே. 1967இலோ 20! வாக்காளர் முதலாளித்துவத்தின் பக்கம் சாய்ந்துவிட்டனரோ என ஐயுறலாம். ஆனால் தி.மு.க. தலைமையிலான அதே அணியில் மார்க்சிஸ்டுக் கட்சியும் நின்று 11 இடங்களை வென்றது. தனியார் தொழிலுக்காக வாதாடியவரும் அதனை ஒழிக்க வந்தவரும் ஒரே மேடையில் அமர்ந்து வாக்குக் கேட்டனர். மக்கள் இருவருக்கும் அளித்தனர். அவர்கள் செவியில் விழுந்தது அரிசித் தட்டுப்பாடும், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியுமே. இந்தி எதிர்ப்பின் வடுவும் ஆறாதிருந்தது. அந்த வாக்குறுதியும் ஒரு படி அளவில், சென்னை, கோவை நகரங்களோடு நின்றது வேறு கதை.

1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1971இல் இந்திரா காந்தி, தி.மு.க., இந்தியக் கம்யூனிஸ்டு அணியை எதிர்த்துக் காமராசரும் ராஜாஜியும் கைகோத்தனர். ஆவடியின் தலைமகனும் சுதந்திராவின் தந்தையும் சேர்ந்தும் தோற்றனர். தி.மு.க. மட்டும் 184 இடங்களைப் பெற்றது. இதனை வங்கி நாட்டுடைமைக்குக் கிடைத்த வாக்கு என்று மட்டும் கொள்வது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும்.

நெல்லை மண்ணில் இடதுசாரிகளுக்கு மதிப்பு குறைந்ததே இல்லை. நெல்லைச் சதி வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 1956இல் வெளிவந்த நல்லகண்ணுவைப் போற்றாத கட்சியில்லை. எனினும் 1999இல் கோவை மக்களவைத் தொகுதியில் அவரும் தோற்றார். மதிப்பு ஒருபுறம், வாக்கு மறுபுறம். சங்கரன்கோயிலை உள்ளடக்கிய தென்காசி மக்களவைத் தொகுதியைப் பாருங்கள். 2004இல் தி.மு.க. அணியில் நின்ற இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் அப்பாதுரை வென்றார். 2009இல் அக்கட்சி அ.தி.மு.க. அணிக்கு மாறியது, அப்போதும் அக்கட்சியின் லிங்கமே வென்றார். 2014இல் இரு கம்யூனிஸ்டுக் கட்சிகளும் தனித்து நின்று மாநிலத்தில் ஓரிடமும் பெறவில்லை. பத்தாண்டுக்குள் தொகுதி சிவந்து வெளுத்தது என்று இதற்குப் பொருளில்லை. கூட்டணிக் கணக்கு மாறியது, அவ்வளவே.

1991இன் தாராளமயமும் இங்கே தேர்தல் வழக்காக எழவில்லை. 1996இல் ஊழலே பேசப்பட்டது. அவ்வாண்டு அமைந்த ஐக்கிய முன்னணி அரசில், தனியார் முதலீட்டுக்குக் கதவு திறந்த சிதம்பரமும் கம்யூனிஸ்டான இந்திரஜித் குப்தாவும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தனர்.

சங்கரன்கோயில் விசைத்தறிக் கூடத்தில் முதலாளி, தொழிலாளி என்னும் பகுப்பே குழம்பிப்போகிறது. இரண்டு தறி வைத்திருப்பவர் கூலியாளுக்கு முதலாளி. நூல் தந்து துணி வாங்கும் வியாபாரிக்கோ அவரே கூலி. கூலி உயர்வுக்கான வேலைநிறுத்தத்தில் தொழிலாளி செங்கொடியின்கீழ் நிற்கிறார். அவரே தேர்தல் நாளில் இரட்டை இலைக்கோ உதயசூரியனுக்கோ வாக்களிக்கக்கூடும். இதனை முரண் என்போர் தறியோசைக்கு வெளியே இருப்பவர்கள். 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் தமிழகத் தறிகளுக்கு அரசையே வாடிக்கையாளராக்கியது. 2006இல் விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரம் இலவசமாயிற்று, 2016இல் அ.தி.மு.க. அரசு அதனை 750 ஆக்கியது, 2023இல் தி.மு.க. அரசு 1000 ஆக்கியது. எண்ணை உயர்த்தினவே தவிர, இரு கட்சிகளும் அதனைச் சமதர்மம் என்று பெயரிட்டு அழைக்கவில்லை.