இராஜத்துரோகமும் திருத்தணி எல்லையும்

அரசாணையின் வேரை அறுக்க முயல்வோனைக் குறிக்க நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிய சொல் துரோகி என்பது. முதலாம் இராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிச் சாசனம், ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், இரவிதாசன் முதலியோரை அச்சொல்லாலேயே சுட்டி, அவர்தம் சுற்றத்தாருடைய உடைமைகளையும் பறிமுதல் செய்த செய்தியைத் தெரிவிக்கின்றது. அங்கே துரோகமாவது இளவரசனைக் கொன்ற கொலையே, பேச்சு அன்று.

பேச்சையும் எழுத்தையும் இராஜத்துரோகமாக்கியது, சர்க்காரின்பால் அதிருப்தியை மூட்டுவதே குற்றம் என்று 1870-இல் தண்டனைச் சட்டத்திற் புகுத்தப்பட்ட 124-ஏ பிரிவாகும். அப்பிரிவின்கீழ் 1908 ஜூலையில், தாம் பேசியதற்காக 20 ஆண்டும், சுப்பிரமணிய சிவாவுக்குத் துணைநின்றதற்காக 20 ஆண்டும் என வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு நீதிபதி பின்ஹே தீவாந்தர சிட்சை விதித்த நாள்முதல், தமிழ் மக்களின் உள்ளத்தில் அந்தப் பழிச்சொல் பெருமைக்குரிய பட்டமாக மாறிவிட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆயினும் செக்கிழுத்த அம்மகானைப் பின்னாளில் நாடு மறந்திருந்தது பெருங்கொடுமை.

அந்த மறதியை நீக்கக் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்னும் சரித்திரத்தை எழுதிய ம. பொ. சிவஞானமே திருத்தணி எல்லைப் போராட்டத்துக்கும் தலைவராய் அமைந்ததைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. சித்தூர் ஜில்லாவில் இருந்த காரணத்தால், கே.ஜி.கண்டிகை முதலிய ஊர்களைக் கொண்ட திருத்தணி தாலுகா, 1953 அக்டோபர் 1-ஆம் தேதி பிறந்த ஆந்திர ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்னரே, ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்த மங்கலங்கிழார் இவ்வட்டாரத்து மக்களிடையே மொழியுணர்வை விதைத்திருந்தார். அவ்வுணர்வே, திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய அப்போராட்டத்தில் தடையுத்தரவை மீறிச் சிறைபுகும் துணிவை எளிய குடியானவருக்கும் அளித்தது. இவர்கள் மீறியது ஓர் உத்தரவை, இராஜ்யத்தையன்று. இவ்விரண்டுக்குமுள்ள பேதத்தை உணராத எந்த அரசும், குறையைச் சொல்லவரும் குடிமகனைப் பகைவனாகவே காணும்.

இரு ராஜ்யங்களுக்குமிடையே படாஸ்கர் செய்த எல்லை மத்தியஸ்தத்தை அடியொற்றிப் பார்லிமெண்டு 1959-இல் இயற்றிய சட்டத்தால், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. முருகன் சந்நிதிக்கு மலையேறும் அன்பர்கள், இவ்வூர் தமிழகத்தில் இருப்பதற்காகச் சிறை சென்றவர்களின் வரலாற்றையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுகிறேன்.