நான்கு கிலோபைட்டில் ஓர் ஆறு

ஆய்வு மாணவியாக விடுதியில் இருந்தபோது எங்கள் அறையில் நால்வருக்கும் சேர்த்து ஒரே ஒரு நோக்கியா கைப்பேசி. அதில் பாம்பு விளையாட்டு. விளக்கணைத்த பிறகு ஆளுக்கு ஒரு முறை என்று கைமாற்றி விளையாடுவோம். பாம்பு தன் உடம்பிலேயே மோதிச் சாகிற வரை இரண்டு மூன்று நிமிடம். அவ்வளவுதான் எங்கள் பொழுது. 1997இல் நோக்கியா 6110க்காக அதை எழுதியவர் தனேலி அர்மான்டோ என்ற பொறியாளர் என்பதை வெகுநாள் கழித்துத்தான் அறிந்தேன். பெயர் தெரியாத புலவருக்கு அவர் பாடலின் தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்று வழங்கிய மரபைப் பாடம் நடத்துகிறவள் நான். விளையாட்டுக்கும் ஆசிரியர் உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதன் பிறகு சிறிய, எளிய விளையாட்டுகளைத் தேடி ஆடத் தொடங்கினேன். ஒரே நிபந்தனை: செய்தவர் யார் என்று தெரிந்துகொண்டே ஆட வேண்டும். அவற்றில் மூன்றைப் பற்றி இங்கே சொல்கிறேன்.

முதலாவது, காசு போட்டு ஆடும் பெட்டிக்காக அடாரி நிறுவனம் 1981இல் வெளியிட்ட 'சென்டிபீட்'. டோனா பெய்லியும் எட் லாக்கும் சேர்ந்து செய்தது. பெய்லி அதற்கு முன் ஜெனரல் மோட்டார்ஸில் நிரல் எழுதியவர். அடாரியின் காசு விளையாட்டுப் பிரிவில் அப்போது அவர் ஒருவர்தான் பெண் நிரலாளர். காளான்கள் நிறைந்த திரையில் ஒரு பூரான் வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. நடுவில் சுட்டால் இரண்டு பூரானாகிறது; சுடப்பட்ட கண்ணி காளானாகி வழிமறிக்கிறது. ஒழித்துவிட்டோம் என்று நினைத்ததே அடுத்த நொடியில் தடையாக நிற்கிறது. இந்த விளையாட்டு பெண்களையும் ஈர்த்தது. அதன் வெளிர் நிறங்களைச் சுட்டி, 'பெண் கை பட்டது' என்று விளக்குகிறவர்கள் உண்டு. பெய்லி நிறம் மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை, நிரலும் எழுதினார். நிறத்தைப் பெண்ணுக்கும் தர்க்கத்தை ஆணுக்கும் பிரித்துக் கொடுக்கிற இந்தப் பழக்கம் இலக்கிய விமர்சனத்திலும் நமக்குப் பழகியதுதான். பெய்லி சில ஆண்டுகளிலேயே விளையாட்டுத் துறையை விட்டு விலகினார். பின்னாளில் பல்கலைக்கழக ஆசிரியரானார்.

இரண்டாவது, கரோல் ஷாவின் 'ரிவர் ரெய்ட்', 1982. பெர்க்லியில் கணினி அறிவியல் படித்த ஷா, 1978இல் அடாரியில் சேர்ந்தார். பெண் வடிவமைப்பாளர் வந்துவிட்டதால் இனி அழகுசாதனப் பொருள்களுக்கு நிறம் பொருத்தும் விளையாட்டும் வீட்டு உள்அலங்கார விளையாட்டும் செய்யலாம் என்று நிறுவனத் தலைவர் சொன்னதைப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அடாரி அன்று எந்த வடிவமைப்பாளரின் பெயரையும் வெளியிடுவதில்லை. அந்த மனக்குறையும் ஊதியக் குறையும் சேர்ந்து நான்கு நிரலாளர்கள் வெளியேற, 1979இல் ஆக்டிவிஷன் பிறந்தது. ஷாவும் பிறகு அங்கே சேர்ந்தார். 'ரிவர் ரெய்ட்' அவர் பெயரோடு வெளியானது.

ஆற்றின் மேல் ஒரு விமானம் பறக்கிறது. கரையில் மோதக் கூடாது. எரிபொருள் குறைந்துகொண்டே வருகிறது. எதிரே எரிபொருள் கிடங்கு வரும்போது அதைச் சுட்டால் மதிப்பெண். சுடாமல் மேலே பறந்து கடந்தால் எரிபொருள். பேராசையா பிழைப்பா என்ற கேள்வி ஒவ்வொரு சில நொடியிலும் எழுகிறது. கேட்ரிட்ஜின் மொத்தக் கொள்ளளவே நான்கு கிலோபைட். அவ்வளவு நீள ஆற்றை வரைந்து சேமிக்க அதில் இடமில்லை. ஆகவே ஷா ஆற்றைச் சேமிக்கவில்லை; ஒரு தொடக்க எண்ணையும், அதிலிருந்து அடுத்தடுத்த எண்களை உண்டாக்கும் விதியையும் மட்டும் வைத்தார். ஆடும்போதே ஆறு உருவாகிறது. ஒவ்வொரு முறையும் அதே வளைவுகள், அதே தீவுகள். யாப்பு படித்தவர்களுக்கு இந்தச் சிக்கனம் புரியும்.

ஆனால் இது போர் விளையாட்டுதான். 1984இல் மேற்கு ஜெர்மனி இதை இளையோருக்குத் தீங்கானவற்றின் பட்டியலில் சேர்த்தது. பெண் செய்த விளையாட்டில் குண்டும் வெடியுமா என்று எனக்கும் முதலில் நெருடியது. பிறகு உறைத்தது: ஷாவிடம் மென்மையை எதிர்பார்த்த என் மனமும், உள்அலங்காரத்தை எதிர்பார்த்த அந்தத் தலைவரின் மனமும் ஒரே இடத்திலிருந்துதான் பேசுகின்றன.

மூன்றாவது, இணைய உலாவியில் ஆடும்படி 2012இல் அன்னா ஆந்த்ரொபி செய்த 'டிஸ்ஃபோரியா'. திருநங்கையான அவர், ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொண்ட மாதங்களைச் சில நொடிகளில் முடியும் குட்டி விளையாட்டுகளாக ஆக்கியிருக்கிறார். சுவரில் ஓர் இடைவெளி. உங்களிடம் இருக்கும் வடிவம் அதற்குள் எப்படித் திருப்பினாலும் நுழையாது. மற்ற விளையாட்டுகளில் தோற்றால் நம் கைதான் காரணம். இங்கே இடைவெளியே உங்களுக்காகச் செய்யப்படவில்லை. ஆடி முடித்தபோது எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது எனக்கு. அந்த நிம்மதியை ஆந்த்ரொபி விடவில்லை. பத்து நிமிடம் ஆடிவிட்டு அடுத்தவர் வலியை அறிந்துகொண்டதாக நினைப்பவர்களுக்கு 2015இல் வேறொரு விளையாட்டு வைத்தார்: தன் பழைய பூட்ஸ் ஒரு ஜோடியும் அடிகளை எண்ணும் கருவி ஒன்றும். போட்டுக்கொண்டு நடந்தால் மதிப்பெண். எவ்வளவு நடந்தாலும் அது பூட்ஸில் நடந்ததுதான், அவர் வாழ்க்கையில் அல்ல.

'டிஸ்ஃபோரியா' ஃப்ளாஷில் செய்யப்பட்டது. 2020 முடிவில் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தியதும், அக்காலத்து எண்ணற்ற சிறு விளையாட்டுகளைப் போல அதுவும் சாதாரண உலாவியில் இயங்காமல் போனது. பெயரை எழுதாமல் விட்டால் ஆசிரியர் மறைகிறார். கருவி போனால் படைப்பே மறைகிறது. ஓலையைப் பெயர்த்தெழுதாமல் விட்டு இழந்த மொழிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது நினைத்தால், பாம்புக்குப் பொறியாளர் பெயர் கண்டுபிடித்ததோடு என் தேடல் முடியவில்லை. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசிகள் தயாராயின. அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். என் மாணவிகளின் வயதுதான். விளையாட்டை எழுதியவருக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. விளையாடும் பெட்டியைப் பொருத்தித் தந்த விரல்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.